அம்பாரத்தில் விட்டுவைத்த குழாய்

அம்பாரம் சுடுகிறதா என்று பார்ப்பதற்கு இர்மெலிக்குச் சம்பளம். சுட்டுவிடுமோ என்று பயப்படுவதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அந்த வேலையைத்தான் அவள் பொழுதெல்லாம் பார்த்தாள்.

சதுப்பில் எரிக்கும் கரிமண்ணை வெட்டித் தீர்ந்த நிலத்தில் நாணற்புல் போடச் சொல்லி அண்ணன் ஓஸ்மோவை நச்சரித்தவள் அவள்தான். அறுத்த புல்லை மிச்சக் கரிமண்ணோடு கலந்து, பெரிய அம்பாரமாகக் குவித்தாயிற்று. பனிக்காலம் முழுக்க இது தானாகப் பற்றிக்கொள்ளாமல் கிடந்தால், ஊருக்கு வெந்நீர் அனுப்பும் கொதிகலனுக்கு இனி ஓஸ்மோவின் புல்தான் எரிபொருள். பற்றிக்கொண்டால் இர்மெலியின் ஆய்வக ஆராய்ச்சிக்கும் மூடுவிழா, அண்ணனின் நிலத்துக்கும் மூடுவிழா. அந்த மண்ணில் வேறெதுவும் வராது.

உள்சூட்டை அளக்கத் துளையிட்ட குழாய்களைச் செருகியிருந்தாள். முதலில் சில. அதில் ஒன்று நாற்பத்தைந்து டிகிரி காட்டியது. பக்கத்திலேயே இன்னொன்று செருகினாள். அது ஐம்பதைத் தொட்டது. இன்னும் நாலு செருகினாள்.

"ஏம்மா, இது அம்பாரமா, முள்ளம்பன்றியா?" என்றான் ஓஸ்மோ, மண் தள்ளும் வண்டியிலிருந்து இறங்காமலே.

"கேலி பண்ணாதண்ணே. அறுபதைத் தாண்டிடுச்சு. இன்னும் ஏறினா உள்ளயே கனல ஆரம்பிச்சிடும்."

அவன் சிரிப்பு நின்றது. "உன்னை நம்பித்தானே விதைச்சேன்," என்றான். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

மத்தியானம் ஆய்வகத் தலைவர் அவுலிஸ் போனில் கூப்பிட்டார். நலம் விசாரிக்கும் வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

"எவ்வளவு?"

சொன்னாள்.

"நாளைக்கும் ஏறுச்சுன்னா பிரிச்சுக் கொட்டிடுங்க. இத்தோட விட்டுடலாம்."

பயந்தவள் கை சும்மா இருக்குமா? ஊசி போன்ற மெல்லிய வெப்பமானியை எடுத்து, குழாய் இல்லாத இடத்திலும் குத்திப் பார்த்தாள். சூடில்லை. தள்ளிக் குத்தினாள், அங்கும் இல்லை. குழாயை ஒட்டிக் குத்தினால் மட்டும் கொதித்தது. அப்படியே குந்திவிட்டாள். குழாய் வழியாகத்தான் காற்று உள்ளே போய்ச் சூட்டைக் கிளப்புகிறது! சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது வேறு யாருமில்லை, அவள்தான்.

"அண்ணே, எல்லாக் குழாயையும் உருவணும். மேல ஈரக் கரிமண் போட்டு, வண்டிய ஏத்தி அமுக்கிடணும்."

"அப்புறம் சூட்டை எப்படிப் பார்ப்ப?"

"பார்க்க முடியாது."

"நீயா பார்க்காம இருப்ப? பன் வேகறதுக்குள்ள அடுப்பைப் பத்துத் தடவை திறக்கிறவ. உன் பன்னு என்னைக்காவது உப்பியிருக்கா?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. இருவருமாக உருவினார்கள். ஓஸ்மோ ஈரமண் அள்ளப் போன நேரத்தில் வடக்கு ஓரத்துக் குழாயில் கை வைத்தவள், எடுக்காமல் நின்றாள். ஒன்றே ஒன்று. ஒரு குழாய் என்ன செய்துவிடும்? சுற்றிலும் மண்ணை இழுத்துவிட்டு, வாயை மட்டும் விட்டுவைத்தாள்.

"எல்லாம் உருவியாச்சா?" என்றான் ஓஸ்மோ, மண்ணோடு திரும்பி வந்து.

"ஆச்சுண்ணே."

வண்டி எட்டாத அந்த ஓரத்தை விட்டு, மற்றதையெல்லாம் அவன் ஈரமண் போட்டு அமுக்கி முடித்தான். "அப்ப சவுனா நீராவியில குளிச்சிட்டு நிம்மதியாத் தூங்கு."

அன்றிரவு முதல் பனி விழுந்தது. உள்ளே சூடிருந்தால் மேலே பனி நிற்காது. சதுப்புக்காரர்களுக்கு அதைவிட நல்ல வெப்பமானி இல்லை. காலையில் அவர்கள் நின்ற இடத்திலிருந்து பார்க்க அம்பாரம் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது.

"ஜெயிச்சிட்டோம்டி!" ஓஸ்மோ தொப்பியைத் தூக்கி எறிந்தான். எறிந்த தொப்பியை எடுக்க வடக்குப் பக்கம் போனான். இர்மெலி பின்னாலேயே ஓடினாள்.

அங்கே ஓரிடத்தில் மட்டும் பனி உருகி, கறுத்த மண் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நடுவில் குழாயின் வாய்.

"எல்லாம் உருவியாச்சுன்னு சொன்னியே?"

"தெரியாம இருக்க முடியலண்ணே."

அவன் குழாயைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தான். கையுறையைத் தாண்டிச் சுட்டது. ஈரமண்ணை அள்ளிப் போட்டு, ஓட்டையைப் பூட்ஸ் காலால் மிதித்து மிதித்து அடைத்தான்.

"வேற இருக்கா?"

"இல்லண்ணே. சத்தியமா இல்ல."

அவன் தலையை ஆட்டினான். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பனியைப் பார்த்தபடி, அம்பாரத்தை மறுபடி சுற்றி வரப் போனான்.