சேஷனின் உருளை

சேஷனுக்கு அன்று காலையிலிருந்தே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரயில் சக்கர அச்சைக் கடைந்து முடித்ததும் கெட்டியான எஃகு உருளையால் அழுத்தி உருட்டினால் மேல்தோல் இறுகும், லேசில் விரிசல் விழாது என்று பணிமனையை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியவர் அவர். திருவனந்தபுரம் பணிமனையில் முக்கால்வாசிப் பேர் அதற்கு வைத்த பெயர் பளபளப்புப் பைத்தியம். கடைசியில் துரை ஒரே ஒரு சோதனைக்குச் சம்மதித்தார். தோற்றால் உருளை பழைய இரும்போடு போய்விடும்.

அச்சு எஃகில் இரண்டு தண்டுகள்; ஒன்று உருட்டியது, ஒன்று உருட்டாதது. பாரத்தைத் தொங்கவிட்டு, முறியும்வரை சுழற்ற வேண்டும். உருட்டாத தண்டு போன வாரமே தன் ஆயுளை முடித்திருந்தது. உருட்டியதோ அன்று அதன் சுற்றுகளில் பாதிகூடத் தாங்காமல் படாரென்று முறிந்து விழுந்தது.

துரை கிளம்பத் தொப்பியை எடுத்துக்கொண்டார். சேஷன் முறிந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தார். விரிசல் புறப்பட்ட இடத்தில், உளியால் வெட்டிய சின்னஞ்சிறு பிள்ளையார் சுழி! உருளை இறுக்கிய தோலை அது அறுத்திருந்தது. துரைக்கும் அந்தக் குறி தெரியும். சேஷன் அனுப்பும் காகிதங்களின் தலையிலெல்லாம் அதுதான் இருக்கும்.

"உம் வேலையை நீரே கெடுத்தீரா?" என்றார் துரை.

இல்லை என்றால் யார் நம்பப்போகிறார்கள்? சேஷனோ சுழி போடாமல் எதையும் தொடங்காத வலியசாலை அக்ரகாரத்துப் பிராமணர்.

"அது நானாக்கும் வெட்டுனது."

சோதனைத் தண்டைப் பொருத்திய பிட்டர் தங்கையன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பாறசாலைக்காரர். பேசாமல் இருந்திருந்தால் அவர்மேல் ஒரு ஈகூடச் சந்தேகப்பட்டிராது. வேலை போனாலும் போகும் என்று தெரிந்தே மனிதர் முன்னால் வந்தார்.

துரை அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு முறிவை மறுபடி குனிந்து பார்த்துவிட்டு, இன்னொரு தண்டை உருட்டச் சொன்னார். அதில் யாரும் எதையும் வெட்டவில்லை. உருட்டாதது முறிந்த சுற்றுக் கணக்கைத் தாண்டியும் அது பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருந்தது. அச்சுகளை இனி உருட்டியே அனுப்பலாம் என்று துரை கையெழுத்துப் போட்டார்.

சேஷன் நேரே போய்த் தங்கையனின் எண்ணெய்க் கைகளைப் பிடித்துக்கொண்டார். "நீர் வாயைத் திறக்கலேன்னா என் உழைப்பெல்லாம் மண்ணாப் போயிருக்கும். இந்த ஜன்மத்துல மறக்கமாட்டேன். ஆனா, எங்க சுழி உமக்கு எதுக்கு ஓய்?"

தங்கையன் நெளிந்தார். "சாமி, நீங்க அதுக்காகப் பட்ட பாடு எனக்குத் தெரியுமில்லா? உங்க பிள்ளையாருட்ட வேண்டணும்னு தோணிச்சு. எப்படிக் கேக்கணும்னு தெரியாது. அதனாலயாக்கும் சுழிய எழுதி வச்சேன்."

சேஷனுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் வந்தது.

"இனிமே உம்ம ஏசுட்டயே சொல்லும் ஓய். அவர் எங்க ஆள்ட்ட சொல்லிடுவார்."