பாறூக்கின் முதுகு

இந்த முறை உதைபந்தாட்டக் கோப்பை கரைத்தீவுக்கு வராவிட்டால் கழகச் செயலாளர் பதவியை விட்டுவிடுகிறேன் என்று சொன்னது என் வாய்தான். அதுவும் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில், ஊரே கேட்க. பதினொரு வருடமாக நான்தான் செயலாளர். அந்தப் பதினொரு வருடமும் கற்பிட்டிக்காரர்களிடம் தோற்றிருக்கிறோம்.

எனக்கு அவ்வளவு தைரியம் வந்ததற்குக் காரணம் அர்கம். மெல்பேர்னில் இருக்கும் என் தங்கச்சி றஹ்மாவின் மகன். பந்து விளையாடுவதே அவனுக்கு உத்தியோகம். கையில்லாத ஜெர்சியும் பூட்ஸுமாகப் புல்தரையில் அவன் நிற்கும் படத்தை நான்கு வருடமாக என் போனில் காட்டாத ஆளில்லை. அவன் லீவில் வந்து இறங்கிய அன்றே பெயரைக் கொடுத்துவிட்டேன்.

பிள்ளை சொல்லத்தான் பார்த்தான். தான் விளையாடுவது இது இல்லை என்றான். அடக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அங்கே பந்து முட்டை வடிவம் என்றான். வெளிநாட்டில் எல்லாமே கொஞ்சம் வித்தியாசமாகத்தான் இருக்கும் என்று சமாதானம் சொன்னேன். மாமன் ஊருக்கே வாக்குக் கொடுத்துவிட்டானே என்று அவனும் பேசாமல் இறங்கினான்.

கடைசிப் பத்து நிமிடம் வரை யாரும் கோல் அடிக்கவில்லை. அப்போது எங்கள் கோலுக்கு முன்னால் பந்து உயரமாக வந்தது. அதைத் தலையால் முட்டக் காத்து நின்றவன் பாறூக். கற்பிட்டி அணியின் தலைவன், கடற்கரையில் கருவாடு காயப்போடும் வாடிக்காரன், தூண் மாதிரி ஆள். அர்கம் பின்னாலிருந்து ஓடி வந்து, அந்த முதுகில் முழங்காலை ஊன்றி ஏறி, பனை உயரத்தில் பந்தை இரண்டு கையாலும் பிடித்தான். இறங்கி, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக எங்களைப் பார்த்து நின்றான்.

ஒருவரும் கை தட்டவில்லை. மத்தியஸ்தர் சிவப்பு அட்டையைக் காட்டினார். அவர்களுக்குப் பெனால்ட்டி, கோல். ஒன்றுக்குப் பூச்சியம். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மறுநாள் காலை இராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். யோசித்துப் பாருங்கள் என்று ஒருவராவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வாசித்து முடிக்க முன்னரே ஏற்றுக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து முற்றத்துக் கதிரையில் விழுந்தேன். அர்கம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனோடு கதைக்கவே எனக்கு மனமில்லை.

"எனக்கும் வேல போயிட்டு மாமா," என்றான். "போன மாசம் கழகத்தால நிப்பாட்டிட்டாங்க. உம்மாக்கும் இன்னும் சொல்லல்ல. நாலு வருஷத்தில ஏழு மெட்ச்தான் எறக்கினாங்க. மத்ததெல்லாம் வெளிய வாங்கில குந்திப் பாத்துட்டு இருந்ததுதான்."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"எங்கட விளையாட்டில அப்பிடி ஏறிப் பிடிக்கிறதுதான் பெரிய விஷயம். அதுக்குத்தான் சனம் எழும்பி நிக்கும். அங்க ஒருநாளும் எனக்கு அது சரிவரல்ல மாமா. நேத்துத்தான் வந்திச்சு."

பதவி போனதைவிட அது என்னைச் சுட்டது. பிள்ளை நேற்று மைதானத்தில் சிரித்துக்கொண்டு எதற்குக் காத்து நின்றான் என்று அப்போதுதான் விளங்கியது.

அந்த நேரம் படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பாறூக், பின்னால் அவனுடைய சின்ன மகள். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று எழுந்தேன். அவனோ சேர்ட்டை உயர்த்தி, முதுகில் சிவந்திருந்த அடையாளத்தைப் பெருமையாகக் காட்டினான்.

"ஜபார் நானா, நேத்து இவ பாக்கல்ல. சொன்னா நம்புறாளுமில்ல. மருமகன ஒருக்கா ஏறச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு முற்றத்தின் நடுவில் போய் அசையாமல் நின்றான். அர்கம் என்னைப் பார்த்தான்.

"ஏறு மகன்," என்றேன்.

பந்தை நானே உயர எறிந்தேன். ஓடி வந்தான், ஏறினான், பிடித்தான். இறங்கி, பந்தை அணைத்துக்கொண்டு நேற்றுப் போலவே நின்றான்.

நான் கை தட்டினேன். உள்ளங்கை எரியும்வரை தட்டினேன்.