வாக்கெடுப்புக்குத் தாமதமான பேருந்து

வெஸ்ட்ஹைடே கால்பந்துக் கழகத்தை வெளிநாட்டு முதலாளிகளுக்கு விற்பதா வேண்டாமா என்று உறுப்பினர்கள் முடிவெடுக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை அது. சுரங்கக் குடியிருப்பில் இருந்த வயதான உறுப்பினர்களை எஸ்ஸென் நகரத்து மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு எக்கார்டுக்கு. அவன் சுற்றுலாப் பேருந்து ஓட்டுகிறவன். வண்டியை முதலாளியிடம் கேட்டு வாங்கியதும் அவன்தான், டீசல் போட்டதும் அவன்தான்.

ஏற்பாடு எல்லாம் கெர்லிண்டுடையது. முடிதிருத்தும் கடை வைத்திருந்த கெர்லிண்ட், மைதானத்தில் ரசிகர்கள் நின்று பார்க்கும் தெற்குப் படிக்கட்டில் முப்பது வருஷமாக எக்கார்டுக்குப் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தியவள். அவன் மனைவி பிரிந்து போன வருஷத்தில் சனிக்கிழமை தவறாமல் அவனை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போனவளும் அவளே. விற்பனைக்கு எதிராகக் கடை கடையாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தாள். அன்று காலையிலேயே ரயில் பிடித்து மண்டபத்துக்குப் போய்விட்டாள்.

"கிழடுங்களைப் பத்திரமா கொண்டாந்து சேத்துடு. மூணுல ரெண்டு பங்கு கை தூக்கினாத்தான் விக்க முடியும். உன் வண்டியில வர்றவங்கதான் நமக்கு உயிரு" என்று முந்தின நாள் சொல்லியிருந்தாள்.

"நான் பாத்துக்கறேன், நீ போ" என்றான் எக்கார்ட்.

அவன் மனசில் இருந்தது வேறு. சின்ன வயசிலிருந்து அவன் கழகம் மேலே ஏறுவதும் சறுக்குவதுமாகவே இருந்தது. ஐரோப்பியக் கோப்பையில் மற்றவர்கள் ஆடுவதை மதுக்கடைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டான். ஒரே ஒரு தடவை, தன் பச்சைச் சட்டைக்காரர்கள் அந்தப் பெரிய மைதானங்களில் இறங்கி நிற்பதைப் பார்த்துவிட வேண்டும். பணம் வந்தால் அது நடக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லத் துணிச்சல் இல்லை. தெற்குப் படிக்கட்டில் அப்படிச் சொன்னவனைத் துரோகி என்பார்கள்.

பாலத்தில் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது, நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று காலையிலேயே சக ஓட்டுநர் ஒருவன் கைபேசியில் தகவல் அனுப்பியிருந்தான். ஊருக்குள் புகுந்து போனால் நேரத்துக்குப் போய்விடலாம். எக்கார்ட் நெடுஞ்சாலையில் ஏறினான். ஏறும்போதுகூட எதையும் தீர்மானித்திருக்கவில்லை. பாலத்துக்கு முன்னால் இறங்க வேண்டிய கடைசிப் பிரிவு வலப்பக்கம் வந்தது. கண்ணாடி வழியே பின்னால் பார்த்தான். பழைய பாட்டு ஒன்றை எல்லோரும் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். கால் பிரேக்குக்குப் போகவில்லை. பிரிவு பின்னால் போய்விட்டது.

அதற்குப் பிறகு வண்டி நகரவே இல்லை.

"என்னடா எக்கார்ட்டு, நம்ம கோல் அடிக்கிற ஆளு மாதிரியே உன் வண்டியும் நின்ன இடத்துல நிக்குது?" என்றார் ஓட்மார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், முன் இருக்கைக்காரர். வண்டி முழுக்கச் சிரிப்பு.

கெர்லிண்டின் அழைப்பு வந்தது. "எங்கடா இருக்கீங்க?"

"பாலத்துக்கிட்ட மாட்டிக்கிட்டோம். அசைய மாட்டேங்குது."

"அய்யோ... சரி, அடுத்து நான்தான் பேசணும். நீங்க வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கேன். எப்படியாவது வந்துடு."

அப்போதும் அவனால் ஏதாவது செய்திருக்க முடியும். முன்னால் வேலையாட்களுக்கான ஓரப்பாதை ஒன்று திறந்து கிடந்தது. வயதானவர்கள் இருக்கிறார்கள் என்று காவலரிடம் கெஞ்சினால் விட்டிருப்பார். எக்கார்ட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

அவர்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். விற்பனைத் தீர்மானம் மயிரிழையில் நிறைவேறியிருந்தது. அந்தப் பேருந்தில் இருந்தவர்கள் உள்ளே இருந்திருந்தால் தோற்றிருக்கும். அது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. நேரம் முடிந்தது, மேடையை விட்டு இறங்குங்கள் என்று சொன்ன பிறகும் கெர்லிண்ட் பேசிக்கொண்டே இருந்தாளாம். ஒலிபெருக்கியை நிறுத்திய பிறகும் வெறும் தொண்டையில் கத்தினாளாம். குரலே இல்லாமல் வந்து எக்கார்டின் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

"உன் தப்பு இல்லடா. நீ என்ன பண்ணுவ" என்றாள்.

அவன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். அந்தக் கையை என்ன செய்வது என்று அதன் பிறகு பல நாள் அவனுக்குத் தெரியவில்லை.

புது முதலாளிகள் வந்தார்கள். தெற்குப் படிக்கட்டை இடித்து நாற்காலி போட்டார்கள். ஓய்வூதியக்காரர்கள் தொட முடியாத விலைக்கு அனுமதிச் சீட்டு ஏறியது. கெர்லிண்டும் குடியிருப்புக்காரர்களும் விலகிவந்து, நகராட்சித் திடலில் தங்களுக்கென்று ஒரு குட்டிக் கழகம் தொடங்கினார்கள். எல்லாவற்றுக்கும் கீழே உள்ள பிரிவில் அது ஆடியது. கோல்காவலர் ரொட்டிக் கடைக்காரர், தொப்பையோடு தாவுவார். வெளியூர் ஆட்டங்களுக்கு எக்கார்ட்தான் காசு வாங்காமல் வண்டி ஓட்டினான். அவன் எவ்வளவு உழைத்தானோ அவ்வளவு கொண்டாடினார்கள். கொண்டாடக் கொண்டாட அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவது வருஷம் பெரிய கழகம் ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. வியன்னாவுக்குச் சவாரி என்று கெர்லிண்டிடம் பொய் சொல்லிவிட்டு எக்கார்ட் தனியாக ஸ்பெயினுக்குப் போனான். பச்சைச் சட்டைக்காரர்கள் அங்கே ஜெயித்தார்கள். கடைசி நிமிஷத்தில் பந்து வலைக்குள் போனபோது அவன் குதித்த குதியில் முழங்கால் பிசகியது. வாய்விட்டு அழுதான். இதற்காகத்தான், இது போதும் என்று நினைத்தான். விடுதிக்கு நொண்டிக்கொண்டு நடந்தபோது யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. கைபேசியை எடுத்தான். சொல்லத் தோன்றிய ஒரே ஆள் கெர்லிண்ட். கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஊர் திரும்பிய வாரம் குட்டிக் கழகத்தின் ஆண்டு விருந்து. சாயங்காலம் போனபோது சமையலறையில் கெர்லிண்ட் உருளைக்கிழங்கு சாலடுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா வா. ஏன் நொண்டுற? வியன்னாவுல ஆட்டம் போட்டியா? இன்னிக்கு உன்னை கௌரவ உறுப்பினர் ஆக்குறோம். முன்னாடியே சொல்லக் கூடாதுன்னு பாத்தேன், வாய் நிக்கல."

"வேணாம் கெர்லிண்ட்."

"ரொம்பத்தான் அலட்டிக்காத."

"அன்னிக்குப் பாலம் அடைச்சிருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் அந்த வழியில போனேன். வித்துடணும்னு நினைச்சேன்."

கத்தி நின்றது. அவள் நிமிரவில்லை.

"நான் மேடையில பேசிக்கிட்டே இருந்தேனே. நீ வருவன்னு பேசிக்கிட்டே இருந்தேனே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"என் முதுகைத் தட்டிக் குடுத்தப்போ?"

அவள் கையைக் கழுவினாள். துண்டில் மெதுவாகத் துடைத்தாள்.

"எங்கிட்ட சொன்னது போதாது. வண்டியில வந்தவங்க எல்லாம் கூடத்துல உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட போய்ச் சொல்லு."

சொன்னான். எழுந்து நின்று, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நான்கைந்து வாக்கியத்தில் சொல்லிவிட்டான். ஒரு நாற்காலி இழுபட்டது. ரொட்டிக் கடைக்காரர் எழுந்து வெளியே போனார். ஓட்மார்தான் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? நானும் அன்னிக்கு வித்துடுங்கன்னுதான் கை தூக்கியிருப்பேன்."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். எக்கார்டுக்கு ஒரு கணம் மூச்சு வந்தது.

"ஆனா கெர்லிண்ட் கண்ணு முன்னாடி தூக்கியிருப்பேன். இவ திட்டுறதைக் கேட்டுக்கிட்டு, திரும்ப இதே வண்டியில ஏறி வந்திருப்பேன். நீ எங்க அத்தனை பேர் கையையும் சேத்து அமுக்கிப் பிடிச்சுட்ட."

எக்கார்ட் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கெர்லிண்ட் வாசல் வரை வந்தாள்.

"இனி வண்டி ஓட்ட வேணாம். வேற ஆள் பாத்துக்கறோம். ஆட்டம் பாக்க வரணும்னா வா, திடல் யாருக்கும் சொந்தமில்ல. என் பக்கத்துல நிக்காத."

இரண்டு வாரம் வீட்டிலேயே கிடந்தான். தொலைக்காட்சியில் பெரிய கழகத்தின் ஆட்டம் வந்தபோது அணைக்கவும் மனசில்லாமல், சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டுப் பார்த்தான். அது இன்னும் அவனுக்குப் பிடித்திருந்தது. அதுதான் அவனைத் தின்றது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நகராட்சித் திடலுக்குப் போனான். எதிர்ப்பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால், வேலியோரம் தனியாக நின்றான். தூறல் விழுந்தது. அந்தப் பக்கத்திலிருந்து கெர்லிண்டின் குரல் கணீரென்று கேட்டது. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. இடைவேளையில் ஓட்மார் தடியை ஊன்றிக்கொண்டு, ஒரு கையில் கோப்பை பீரோடு திடலைச் சுற்றி வந்தார். நீட்டினார்.

"அவ என்ன சொன்னா அண்ணே?" என்று கேட்டான்.

"ஒண்ணும் சொல்லல. நான் இங்க வர்றதைப் பாத்துக்கிட்டுதான் இருந்தா, திட்டவும் இல்ல. அவ்வளவுதான். பீருக்குக் காசு குடு, நான் ஒண்ணும் தானம் பண்ண வரல."

எக்கார்ட் காசைக் கொடுத்தான். ஓட்மார் வந்த வழியே திரும்பி நடந்தார். இரண்டாம் பாதி தொடங்கியது.