நகர்ந்துபோன சிவப்பு

வரிசையில் மிச்சமிருந்தவர்கள்: கட்டட வேலை கிடைக்காத நாளில் வரிசைக்கு வரும் இரண்டு பேர், ஒசாகாவிலிருந்து பஸ் பிடித்து வந்த நாலு கல்லூரிப் பெண்கள், தலையில் ஈரத்துண்டு போட்ட ஒரு தபால்காரர், மார்பில் கட்டிய தூளியில் குழந்தையோடு ஒருத்தி, சவாகி, நகுமோ. மொத்தம் பத்துப் பேர்.

ஹராஜுகு பின்சந்தில் ஜூலை வெயில் சுவரில் பட்டு முகத்தில் அடித்தது. பாடகன் ரென்ஜியின் பெயரில் வந்த புதுச் சட்டை ஆளுக்கு ஒன்று. பத்துப் பத்துப் பேராகக் கடைக்குள் விட்டார்கள். குலுக்கலில் விழுந்த எண் மணிக்கட்டுக் காகிதப் பட்டையில் இருந்தது. நகுமோவுக்கு முப்பத்தொன்று.

"தரையில போட்ட வெள்ளைக் கோட்டைத் தாண்டினா நம்பர் செல்லாது!" காவலாளி கத்தினான்.

நகுமோ கால் மாற்றிக்கொண்டே நின்றார். அவரும் சவாகியும் ஒரு ஏஜென்டுக்காகக் கூலிக்கு வரிசையில் நின்று சட்டை வாங்கிக் கொடுப்பவர்கள். போன வாரம் அவர் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். இன்றும் சட்டை வரவில்லையென்றால் இனிக் கூப்பிடமாட்டேன் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டான்.

"நகுமோ சான், நீங்க போட்டிருக்கறது என்ன சட்டை?" என்றாள் சவாகி. "கறுப்பு ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம் ஓடுது. அச்சு அடிச்சவன் தண்ணியப் போட்டிருந்தானா?"

"காய்ச்சல்."

"கூட இருந்து பாத்தீங்களாக்கும்!"

"நான்தான் அடிச்சேன்."

அதை அடித்த காலத்தில் ரென்ஜியிடம் ஒரு கிட்டார் மட்டும்தான் இருந்தது. நகுமோ வேலை பார்த்த சுமிதா அச்சுக்கூடத்தில், சட்டை காயும் கம்பிகளுக்கு அடியில் படுத்துக்கொள்வான். நகுமோவின் சோற்றுருண்டையில் பாதி அவனுக்குப் போகும். அவனுக்காக அடித்த முதல் கட்டில் வீணான சட்டை இது. பிறகு அவன் பாட்டு வந்தது, பத்திரிகை அட்டைகளில் அவன் முகம் வந்தது. போன வசந்தத்தில் அச்சு வேலை வெளிநாட்டுக்குப் போனது; அச்சுக்கூடத்தை மூடினார்கள்.

"ரென்ஜி இன்னைக்கு இங்க வர்றாராமே," என்றாள் சவாகி. "வாயத் தொறந்து ஒரு வேலை கேளுங்க."

கேட்க வேண்டிய வாக்கியத்தை நகுமோ காலையிலிருந்து மென்றுகொண்டிருந்தார்.

கார் வந்தது. பெண்கள் கூச்சலிட்டார்கள். இறங்கிய ரென்ஜியின் கண் நகுமோவின் மார்பில் நின்றது.

"ஐயோ, அந்தச் சட்டை! இப்படி வாங்க, வாங்க!"

அவனே கூப்பிடுகிறான். நகுமோ கோட்டைத் தாண்டினார்.

"முதல் கட்டுல தப்பா விழுந்தது. ஒண்ணுகூட மிச்சமில்லேன்னு நெனச்சேன்." ரென்ஜி போனை எடுத்தான். "தோள நிமித்துங்க. சட்டை மட்டும் போதும், முகம் வேண்டாம்."

"நான் நகுமோ. சுமிதால..."

"அசையாதீங்க."

"முப்பத்தொண்ணு!" என்றான் காவலாளி. "முப்பத்தொண்ணு! சரி, முப்பத்திரெண்டு!"

சவாகி இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மற்றவர்களும் போனார்கள். ரென்ஜி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தபடி நடந்தான்.

"பத்திரமா வெச்சுக்கங்க, பெரியவரே. தொவச்சுடாதீங்க."

நகுமோ பின்னாலேயே ஓடினார். காவலாளி அவர் கையைப் பிடித்து, கத்தரியால் பட்டையை வெட்டினான்.

"கோட்டத் தாண்டிட்டீங்களே."

"அவருதானே கூப்பிட்டாரு!"

"விதி விதிதான்."

ரென்ஜி உள்ளே போனதும் கண்ணாடிக் கதவு சாத்தப்பட்டது. உள்ளிருந்து யாரோ பூட்டினார்கள்.