இடப்பக்கத்துப் பால்

பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் சாந்தம்மா கனவுக்குள் போய்விடுவாள். மத்திகிரி வாடகை வீட்டுச் சுவரில் சாய்ந்து, தீர்த்து என்கிற எட்டு மாதப் பயலை மடியில் போட்டுக்கொண்டால் போதும், கண் சொக்கிவிடும். ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கியிருக்கும். கால்நடைப் பண்ணை மாடுகள் அந்தப் பனியில் கால் இல்லாமல் மிதந்து போகும். அவளும் கூடவே மிதப்பாள். பயல் மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் மட்டும் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டிருக்கும். அப்படி ஒரு சுகம்!

அந்தச் சுகத்தில்தான் மண் விழுந்தது. கார்த்திகை மாதம் பிறந்ததிலிருந்து இடப்பக்கம் மாற்றினால் பயல் வாயை வைப்பான், முகத்தைச் சுளிப்பான், திரும்பிக்கொள்வான். வலப்பக்கம் கொடுத்தால் மகாராஜா குடிப்பார்.

"ஏன்டா, இந்தப் பக்கம் என்ன வேப்பெண்ணெயா வெச்சிருக்கேன்?" என்று தொடையில் ஒன்று வைத்தாள். வைத்துவிட்டு அவளே அழுதாள். பெற்ற பிள்ளையே வேண்டாம் என்றால் எவளுக்குத்தான் தாங்கும்?

பக்கத்து வீட்டு நாராயணம்மா, "அய்யோ ராமா, கண்ணு பட்டிருக்குது புள்ள" என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள். வந்ததே நெடி! மூன்று பேரும் இருமித் தீர்த்தார்கள். "இது வேற என்னமோ" என்று நாராயணம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் குளிக்கும்போது இடமார்பில் விரலுக்குத் தட்டுப்பட்டது, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. அமுக்கினாள். வலியே இல்லை. பால் கட்டிக்கொண்டிருக்கும் என்று புருஷன் கரியப்பனிடம் சொன்னாள்.

கரியப்பன் பண்ணையில் பால் கறக்கிறவன். "இதுக்கா கவலைப்படற?" என்று கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்துக்கொண்டு வந்தான். மாட்டு மடி வீங்கினால் போடுகிற பத்து அது.

"நான் என்ன உம் பண்ணை மாடாய்யா?"

"மாடு ஒதைக்கும், நீ திட்டற. அவ்ளோதான் வித்தியாசம்."

சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டாள். பத்தின் குளிர்ச்சியில் மறுபடி சொக்கியது. ஊரெல்லாம் பாலாக நிறைந்து கிடந்தது. அதன் அடியில் சின்னதாக ஒரு கல் கிடக்கிறது. கையை விடுகிறாள், எட்டவில்லை. பதறி விழித்தாள்.

சில நாள் இப்படியே போயிற்று. ஒரு சாயங்காலம் பத்தைக் கழுவிவிட்டுத் தொட்டுப் பார்த்த கரியப்பனின் கை அப்படியே நின்றது. கேலியெல்லாம் எங்கே போயிற்றோ!

"சாந்தம்மா, மடிநோய்னா சுடும். தொட்டா மாடு துள்ளும். இது சுடவும் இல்ல, நோவவும் இல்ல, கரையவும் மாட்டேங்குது."

"நோவலன்னா நல்லதுதானய்யா?"

"தெரியல புள்ள. எனக்குப் பயமா இருக்குது."

ஓசூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா மார்பையும் அக்குளையும் நிதானமாகத் தடவிப் பார்த்தார். பெங்களூருக்கு அனுப்பி, கட்டியில் ஊசி விட்டுச் சதை எடுத்துச் சோதிக்கச் சொன்னார். முடிவு வந்தது. புற்றுநோய்.

"நோவவே இல்லீங்களே!" என்றாள் சாந்தம்மா.

"பெரும்பாலும் நோவாதும்மா. அதனாலதான் முத்தவிட்டு வர்றாங்க. உம் புள்ள அந்தப் பக்கத்துப் பாலை ஒதுக்கினதுகூட இதனாலதான் இருக்கும். கட்டி சின்னதா இருக்கறப்பவே நீ வந்துட்ட. இப்பவே பெங்களூர்ல ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா பொழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. பால் மட்டும் நிறுத்தணும்."

"பயலுக்கு ஒரு வயசு ஆவட்டும், வந்துடறேனுங்க."

"அதுக்குள்ள அதுவும் வளரும்" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்தவள் அன்று ராத்திரி பயலை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். கண்ணை மூடினால் பனியும் இல்லை, மாடும் இல்லை. பயலின் வாய் மட்டும் தேடிக்கொண்டே இருந்தது. விடிந்ததும் துணிமணி எடுத்துப் பையில் வைத்தாள்.

பெங்களூர் பஸ் புறப்படும் நேரம். நாராயணம்மா டம்ளர் பாலை நீட்ட, தீர்த்து அதைத் தட்டிவிட்டு, அம்மாவை நோக்கி இரண்டு கையையும் நீட்டிக் கதறினான். அவன் கத்தக் கத்த, சாந்தம்மாவின் ரவிக்கை பாலில் நனைந்தது. கரியப்பன் பையைக் கீழே வைத்துவிட்டான்.

"ஒரு வாரம் தள்ளிக்கலாமா புள்ள? கொழந்த பாவம்..."

சாந்தம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு படியில் கால் வைத்தாள்.

"அழுவட்டும்யா. நான் உசுரோட இருந்தாத்தான அவன் என்னெப் பாத்து அழுவான்."