ஒன்றரைச் சுற்று

பெரியநாயக்கன்பாளையத்தில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, "சர்வீஸ் செஞ்சும் சரியாகலீங்க" என்று இரண்டாவது தடவை சொன்னவர் யாரும் கிடையாது. சொல்ல விடமாட்டேன். முப்பது வருஷமாகப் பம்ப்செட்டைப் பிரித்து மாட்டுகிற கை இது, இதில் குற்றம் கண்டுபிடிக்க வந்துவிட்டீர்களா என்று எகிறிவிடுவேன். புகார் வராததால் என் வேலையில் கோளாறே இல்லை என்று நினைத்துக்கொண்டு காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தேன்.

அன்று மத்தியானம் சிறுமுகைக்கு அந்தப் பக்கம், வெள்ளம் சூழ்ந்த வாழைத் தோட்டத்து நடுவில், என் தங்கை மகள் மானசா மோட்டார் ரூம் கூரைமேல் தனியாக நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டுவிட்டது. அவளுக்கு நீச்சல் தெரியாது.

அணைத் தண்ணீர் ஏறி நிற்கிற ஓரத்தில் இருக்கிறது அந்தத் தோட்டம். மழைக்காலத்தில் வாழைத் தாரைப் படகில்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்காகவே என் மாப்பிள்ளை, அதாவது தங்கை ராமாமணியின் வீட்டுக்காரர் வரதராஜுலு, ஒரு ஃபைபர் படகும் அதன் பின்னால் மாட்டுகிற எட்டுக் குதிரைச்சக்தி பழைய மோட்டாரும் வாங்கியிருந்தார். அன்று மேலே இருக்கிற இன்னொரு அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. மோட்டார் ரூமில் இருக்கிற ஸ்டார்ட்டர் பெட்டி நனைவதற்குள் கழற்றி வருகிறேன் என்று மானசா பரிசலில் போயிருக்கிறாள். பரிசலைக் கட்டிய கயிறு அறுந்து, அது தனியாகப் போய்விட்டது.

தங்கை வீட்டு விருந்துக்கு வந்திருந்த எனக்கு விஷயம் தெரிந்ததும் கரைக்கு ஓடினேன். மோட்டார் படகு அங்கே சும்மா நின்றது.

"இத்தனை பெரிய படகு நிக்குது, இதை உட்டுப்போட்டுப் பரிசல்ல எதுக்குப் போனா?" என்று கத்தினேன். ராமாமணி தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை படகைத் தள்ளினார். தீயணைப்பு வண்டி மேட்டுப்பாளையத்திலிருந்து வர முக்கால் மணி நேரமாகுமாம். அதுவரை அவளால் கூரைமேல் நிற்க முடியாது.

கயிற்றை இழுத்ததும் மோட்டார் பிடித்துக்கொண்டது. முழு வேகத்தில் நன்றாகவே ஓடியது. போன மாதம் என் ஒர்க்‌ஷாப்பில் வைத்து நானே சர்வீஸ் செய்த மோட்டார். எனக்குத் தெம்பு வந்தது.

கூரை பக்கம் வந்ததும் வேகத்தைக் குறைத்தேன். மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

அதற்குப் பிறகு தண்ணீரின் சத்தம் மட்டும்தான் கேட்டது. மானசா கையை நீட்டினாள். எங்களுக்கும் அவளுக்கும் நடுவே நாலே முழம். தண்ணீரின் இழுப்பு எங்களை அவளைத் தாண்டிக் கொண்டுபோய், கீழே இருந்த கருவேல மர முள்ளில் தள்ளியது. ஆறு தடவை கயிற்றை இழுத்து, சோக்கைப் பிடித்து, எப்படியோ மறுபடி கிளப்பினேன்.

இரண்டாவது முறையும் அதே கதை. வேகத்தில் பாட்டாகப் பாடிய மோட்டார், குறைத்ததும் செத்தது; படகு மறுபடி அந்த முள்ளுக்கே போனது. வேகத்தோடே போனால் கான்கிரீட்டில் மோதிப் படகு உடைந்துவிடும், அவளையும் தட்டிவிடும். தண்ணீர் அவள் கெண்டைக்காலுக்கு வந்திருந்தது. முதலில் "மாமா, மாமா" என்று கூப்பிட்டவள் இப்போது கூப்பிடவில்லை.

"டேங்க் மூடியில காத்துப் போற ஓட்டை அடைச்சிருக்கும்" என்றேன். திறந்து பார்த்தேன், அடைக்கவில்லை. பெட்ரோல் குழாயில் இருக்கிற ரப்பர் பந்தை அழுத்தினேன், கல்லாக இருந்தது. பெட்ரோல் தாராளமாக வருகிறது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று ஆரம்பித்தேன். கலந்திருந்தால் வேகத்திலும் இருமியிருக்கும். அது எனக்கே தெரியும். எல்லாப் பக்கமும் தேடினேன், தேட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு.

"மாப்ள, எத்தனை நாளா இப்படி நிக்குது?"

அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க சர்வீஸ் பண்ணிக் குடுத்தீங்கள்ல, அன்னைலேர்ந்துங்க மச்சான்."

"ஒரு மாசமாவா? ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட எப்படீங்க சொல்றது?"

எனக்கு வந்தது கோபம் இல்லை. உடம்பெல்லாம் சில்லிட்டுப் போயிற்று. அதனால்தான் பிள்ளை பரிசலில் போயிருக்கிறாள்.

பெட்ரோலில் ஓடுகிற பம்ப்செட் மெதுவாக ஓட வேண்டிய அவசியமே கிடையாது. ஓடினால் முழு வேகம், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவோம். அதனால் கார்புரேட்டரில் மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடுகிற ஸ்லோ ஸ்க்ரூவை இறுக்கி விட்டுவிடுவது என் பழக்கம், கொஞ்சம் பெட்ரோல் மிச்சமாகும். படகு மோட்டாரையும் அதே கையால் இறுக்கினேன். தண்ணீர் டிரம்மில் தொங்கவிட்டு முழு வேகத்தில் உறும வைத்து, "கொண்டு போங்க" என்று அனுப்பினேன். படகுக்கு மெதுவாகப் போவதுதான் உயிர் என்று யோசிக்கவே இல்லை.

மாப்பிள்ளையைக் கருவேலங்கிளையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மோட்டாரின் மேல்மூடியைக் கழற்றினேன். சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற டெஸ்டர் திருப்புளியை எடுத்தேன். அதன் முனை ஸ்க்ரூவின் கீறலில் உட்கார மறுத்தது. தண்ணீரில் விழுந்தால் தீர்ந்தது. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். முதலில் அடி வரைக்கும். பிறகு வெளியே, அரை, ஒன்று, ஒன்றரைச் சுற்று. கயிற்றை இழுத்தேன். வேகத்தைக் குறைத்தேன். தடதடத்தது, தயங்கியது, நிற்கவில்லை.

கொஞ்சம் மேலே போய் இழுப்போடு இறங்கி, கூரை பக்கத்தில் ரிவர்ஸ் போட்டு நிறுத்தலாம் என்று கைப்பிடியைத் திருப்பினேன். என்னவோ உறுத்தியது. என் வாழ்க்கையில் யாரிடமும் கேட்காததைக் கேட்டேன்.

"மாப்ள, வேற ஏதாச்சும் சொல்லாம வெச்சிருக்கீங்களா? திட்டமாட்டேன். பிள்ளை மேல சத்தியமாத் திட்டமாட்டேன்."

நம்பலாமா என்று ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். "ரிவர்ஸ் விழாதுங்க மச்சான். கியர் போட்டாலும் வழுக்கிக்கும்."

இழுப்போடு இறங்கி ரிவர்ஸை நம்பியிருந்தால் அவள் காலை இடித்து அவளைத் தண்ணீரில் தள்ளியிருப்பேன்.

கீழே இருந்தே மேல் நோக்கிப் போனேன். கூரைக்கு நேராக வந்ததும் வேகத்தைக் குறைத்தேன். மோட்டார் மெதுவாக ஓட, எதிரே வருகிற தண்ணீரும் பிடிக்க, படகு ஒரே இடத்தில் நின்றது. மானசாவுக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர். நான் கைப்பிடியை விடவில்லை, மூச்சும் விடவில்லை. ஒரு இருமல் வந்தால் போதும்.

"வா கண்ணு!"

மாப்பிள்ளை கூப்பிட்டுக்கொண்டே அவள் இரண்டு கையையும் பிடித்து இழுத்தார். அவள் படகுக்குள் முகம் குப்புற விழுந்தாள். படகு சாய்ந்து நிமிர்ந்தது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

மாப்பிள்ளை அவளைத் துண்டால் போர்த்திவிட்டு அழுதார். அவள் அழவில்லை. உதடு நீலம் பாரித்து, பல் கிட்டிக்க, தண்ணீரையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"மோட்டார் நல்லாத்தான் ஓடுதுங்க மாமா" என்றாள். "எப்பவும் நல்லாத்தானுங்க ஓடும். நான்தான் சும்மா பரிசல்ல போயிட்டேனுங்க."

உயிர் போக இருந்த பிள்ளை, கரை சேருவதற்கு முன்பே என்னைச் சமாதானப்படுத்துகிறாள். வெள்ளத்துக்குப் பயந்ததைவிட இவள் எனக்குப் பயந்திருக்கிறாள். அந்த மத்தியானம் முழுக்க வந்த பயம் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"மோட்டார் சரியில்லாமத்தான் இருந்துச்சு அம்மணி. நான்தான் கெடுத்துப்போட்டேன்" என்றேன்.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க" என்று அப்பாவும் மகளும் ஒன்றாகச் சொன்னார்கள், அவசர அவசரமாக.