சீனி நீட்டும் குச்சி

மதியப் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனை மாமரத்தடியில் நிறுத்தியபோது கலாதேவி வாசல் கேட்டுக்கே வந்துவிட்டாள். "சீக்கிரம் வாங்க, சீனி எழுந்திரிச்சிட்டா" என்றாள். அடுத்த வீட்டில் கேட்டவர்கள் எங்களுக்குப் பேத்தி இருப்பதாகத்தான் நினைப்பார்கள்.

சீனி ஒரு கொரில்லாக் குட்டி. ஜெர்மனியில் ஒரு மிருகக்காட்சிசாலையில் இருக்கிறது. எங்கள் மகள் தினேஸ்வரி அங்கே கொரில்லாக்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறாள். அங்குள்ளவர்கள் வைத்த பெயர் கலாவின் வாயில் நுழையாததால், அவளே வைத்த பெயர் சீனி. கூண்டுக்குள் ஒரு கேமராவைப் பொருத்தி, நடப்பதை இணையத்தில் அப்படியே காட்டுகிறார்கள். எங்கள் ஊரான செமோரில், சாப்பாட்டு மேசையில், மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்த கைப்பேசியில் நாங்கள் அதைப் பார்க்கிறோம். இங்கே மதியம் என்றால் அங்கே காலை. படம் மட்டும் வரும், ஒலி வராது.

பெற்றவள் பால் கொடுக்காமல் தள்ளிவிட்ட குட்டி அது. தினேஸ்வரிதான் பால் புட்டியோடு நெஞ்சில் போட்டு வளர்த்தாள். எப்போது பேசினாலும் கலா கேட்கிற முதல் கேள்வி, "சீனி சாப்ட்டாளா?" மகளிடம் கேட்க நினைக்கிற மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். பெரும்பாலும் நின்றே போகும். எப்ப வாரே என்று கேட்டால் பதில் சொல்ல முடியாமல் பிள்ளை சங்கடப்படும் என்று கேட்கமாட்டாள். அதற்குப் பதிலாகப் படங்கள் அனுப்புவாள். மிளகாய்ச் செடி பூத்திருப்பது, பூனை வேன் மேல் படுத்திருப்பது, புதுத் திரைச்சீலை. படத்தின் கீழே ஒரு வார்த்தையும் இருக்காது.

பக்கத்துக் கூண்டில் நாலு வயது ஆண் குட்டி ஒன்று உண்டு. துளை போட்ட மரப்பெட்டிக்குள் திராட்சையைப் போட்டுக் கொடுத்தால், அது பெட்டியைப் புரட்டி அடித்து, பழத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். சீனி அப்படியில்லை. பழத்தைத் தின்று முடித்த பிறகும் துளையில் கண்ணை வைத்துப் பார்க்கும். விரலை விடும், விரலை முகர்ந்துவிட்டு மறுபடி கண்ணை வைக்கும். தின்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் நன்றாகப் பார்க்கவே தொடங்கும்.

இரும்புக் கதவின் அடியில் கை நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு இருக்கிறது. குச்சியோ துணியோ கையில் கிடைத்ததை அந்த இடுக்கில் நீட்டினால், வெளியே இருப்பவர் வாங்கிக்கொண்டு ஒரு திராட்சை கொடுப்பார். சீனி இதைக் கற்றுக்கொண்ட வாரமே ஒரு குச்சியை இரண்டாக ஒடித்து, ஒவ்வொன்றாக நீட்டி, இரண்டு திராட்சை வாங்கிவிட்டது. தினேஸ்வரி இதைச் சொல்லிச் சிரித்தாள்.

"நீ மட்டும் என்னாவாம்? தட்டக் கொண்டாந்து ஒரு முட்டாயி, கோப்பையக் கொண்டாந்து இன்னொரு முட்டாயி" என்றாள் கலா.

"இப்ப திராட்சைய வாங்கவே மாட்டேங்குதும்மா. குச்சிய மட்டும் நீட்டுது. நான் வந்து எடுத்தா போதும் அதுக்கு."

கலா சிரிப்பை நிறுத்தியதை நான் கவனித்தேன்.

ஆடி மாதம் பழைய தோட்டத்து அம்மன் கோவிலில் திருவிழா. தோட்டத்தை விற்று, ரப்பர் மரங்களை வெட்டி, வரிசை வீடுகள் கட்டிவிட்டார்கள். கோவில் மட்டும் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கிறது. கமுந்திங், பத்து காஜா என்று பல ஊர்களிலிருந்தும் பழைய தோட்டத்து ஆட்கள் எல்லாரும் அன்றைக்கு வந்து சேர்வார்கள். பால்குடம் எடுப்பவர்களுக்கு ஒரு வாரம் முன்பே காப்புக் கட்டுவார்கள். கட்டிய பிறகு அவிழ்க்கும்வரை வேற்று இடத்தில் இரவு தங்கக் கூடாது.

கோவில் செயலாளர் அர்ச்சுனன் வீட்டுக்கு வந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

"தர்மா, வெள்ளிக்கெழம காலையில காப்பு. ஒம்பொண்ணு எப்ப வருது?"

நான் கலாவைப் பார்த்தேன். அவள் குவே பலகாரத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "வந்துருவா அண்ணே. நீங்க எடுத்துக்குங்க."

"நல்லது. பால்குடத்துக்குப் பேரு குடுத்தாச்சுன்னா ஆளு நிக்கணும். போன வருசம் ஒருத்தன் பேரக் குடுத்துட்டு கேமரன் மலைக்குப் போயிட்டான். அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது, நானா?"

அவர் போனதும் கேட்டேன். "அவளுக்குத் தெரியுமா?"

"சொன்னா வேணாம்பா. குடுத்துட்டா வந்துதானே ஆவணும்."

"அம்மன் வந்து டிக்கெட்டு போட்டுத் தருமா?"

அவள் நாற்காலியில் கிடந்த பையைத் திறந்து காட்டினாள். ஈப்போவில் வாங்கிய மஞ்சள் சேலை. மடிப்பைத் தடவிக்கொண்டே, "காப்பு கட்டிட்டா ஒரு வாரத்துக்கு அவளால எங்கயும் போவ முடியாதுல்ல" என்றாள். மூன்று வருடமாக அந்தப் பிள்ளை இந்த வீட்டில் ஒருநாள்கூடத் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தினேஸ்வரி கூப்பிட்டாள். கலா முதலில் சீனி சாப்பிட்டதைக் கேட்டாள். பிறகு பெயர் கொடுத்ததையும் சேலை வாங்கியதையும் சொன்னாள். திரையில் மகளின் முகம் அசையாமல் இருந்தது. இணைப்பு நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லம்மா."

"கேட்டா என்னா சொல்லியிருப்ப?"

தினேஸ்வரி நெற்றியைத் தேய்த்தாள். "சீனிய இப்ப ஒரு வயசான பொம்பள கொரில்லாகூட விட்டிருக்கோம். அந்தக் கெழவி அதப் பிள்ளையா ஏத்துக்கணும். அதுக்கு சீனி என்னைய தேடக்கூடாது. பகல்ல கதவுகிட்ட போவாதன்னு சொல்லிட்டாங்க. நானும் ஒங்கள மாதிரி கேமராவுலதான் பாக்குறேன்."

"கிட்ட போவ முடியாதுன்னா அங்க இருந்து என்னா பண்ற? இங்க வா."

"ராத்திரி தனியா தூங்காதும்மா. வேற யாரு கையாலயும் பால் குடிக்காது. அது ஒருதடவ அந்தக் கெழவி மடியில தூங்கிடுச்சின்னா, அப்புறம் நான் வேணாம். புதன்கெழமைக்குள்ள தூங்கிடுச்சின்னா அன்னைக்கே பிளைட் ஏறிடுறேன். சத்தியமா."

"இல்லாட்டி?"

"சேலைய நீ கட்டிக்க" என்றாள். சிரிக்க முயன்றாள்.

திங்கட்கிழமை கிழவி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை சீனி அதன் முதுகு முடியைப் பிடித்து இழுத்தது. அது திரும்பிப் பார்த்துவிட்டு, அதட்டாமல் மறுபடி திரும்பிக்கொண்டது. கலாவுக்கு அன்று முழுக்க அதே பேச்சு. "அடிக்கலைல்ல? பாத்தீங்கதானே? அடிக்கல."

புதன்கிழமை நான் வேன் சாவியை வைக்கும் முன்பே கைப்பேசி டப்பாவில் சாய்ந்திருந்தது. சோறு மூடியபடி இருந்தது. சீனி இடுக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தது. ஒரு வைக்கோலை இடுக்கில் வைத்துவிட்டுக் காத்திருந்தது. யாரும் வரவில்லை. போய் ஒரு துணித் துண்டை எடுத்து வந்து வைக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தது. பிறகு மரப்பட்டை ஒன்றை. எல்லாவற்றையும் வைத்துவிட்டுத் தரையில் கன்னம் படுமாறு படுத்து, இடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தது.

"அந்தப் பக்கம் எங்கயாச்சும்தான் இருப்பா அவ" என்றாள் கலா மெதுவாக. "இதப் பாத்துக்கிட்டு எப்படித்தான் உக்காந்திருக்காளோ."

கிழவி எழுந்து வந்தது. மரப்பட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, சீனிக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தது. இந்தமுறை முதுகைக் காட்டவில்லை. மடி விரிந்திருந்தது. கலாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அம்மனைக் கூப்பிடும்போது அப்படித்தான் அசையும்.

"என்னா வேண்டுற?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது அவள மறந்துடணும்னுதான் ஆரம்பிச்சேன்" என்றாள். "வாயில வர மாட்டேங்குதுங்க."

சீனி எழுந்து போய் ஒரு குச்சியோடு திரும்பி வந்தது. இடுக்கைப் பார்த்தது. கிழவியைப் பார்த்தது. பிறகு கடவாய்ப் பல்லில் வைத்து, குச்சியை இரண்டாக ஒடித்தது. ஒரு துண்டை இடுக்கில், மரப்பட்டைக்குப் பக்கத்தில் வைத்தது. கதவைப் பார்த்தபடியே, இன்னொரு துண்டைப் பக்கவாட்டில் கிழவியிடம் நீட்டியது.

கிழவி உடனே வாங்கவில்லை. கலா சேலைப் பையின் வாயை ஒரு கையால் இறுகப் பிடித்திருந்தாள். குச்சி நீட்டியபடியே இருந்தது.